இருபலகை நாற்காலி

(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



அக்கிராசனம் என்னும் சொல் முதன்மையான இருக்கை எனப் பொருள்படும். கூட்டத்தை நடத்துபவரை நாம் அவ்விருக்கையின் பெயராலேயே அழைக்கின்றோம். ஆங்கிலரும் அவரை நாற்காலியோடு சேர்த்தே சேர்மன் என்பர். கிறிஸ்தவ மேற்றிராணியாரின் தலைமைக் கோயில் கதீட்ரல் எனப்படுவதும், அவர் அமரும் இருக்கைக்குக் கிரேக்க மொழியில் வழங்கும் பெயர் பற்றியேயாம். இங்ஙனம் தேசந்தோறும் மக்கள் பெருமையை இருக்கையின்மேல் ஏற்றி வைத்தனர். அவ்விருக்கையைச் செய்த கையை நினைத்தவர் மிகச் சிலரே. அக்கையின் வழியில் வந்த தச்சர் குடும்பங்கள் கூடியுள்ள இச்சபையில், மிக எளியதொரு நாற்காலியைக் குறித்துப் பேசும்படி காரியதரிசியார் எம்மைப் பணித்தார்கள். அந்நாற்காலி இதோ இம்மேடையின் ஓரத்தில் இருக்கின்றது. நாற்காலி என்கிறோம், அதற்கு நான்கு கால்கள் இல்லை. ஆணி இல்லை, திருகு இல்லை, வச்சிரப் பசையும் இல்லை. இரண்டே பலகைகள், ஒன்றன் துளையில் மற்றொன்று நுழைந்து நிற்கின்றது. அதனை யாம் எங்கே கண்டோம், எவ்வாறு செய்தோம், அதனால் எமக்கு நேர்ந்த வெட்கம் யாது என்பவற்றை ஒளிக்காமல் சொல்லக் கருதுகின்றோம்.

மேனாடுகளில் ஒரு விந்தையான வழக்கம் உண்டு. குமாஸ்தாக்கள், உபாத்தியாயர்கள், வைத்தியர்கள், கடைக்காரர்கள் முதலிய பலதிறத்து மக்கள், விடுமுறை நாட்களில் ஒரு வெளியிற் கூடி, பல நூற்றாண்டுகட்கு முன் தம் நாட்டார் உடுத்தியவாறு உடுத்தி, சமைத்தவாறு சமைத்து, துணிக் கூடாரங்களிற் சில நாள் தங்கி வாழ்கின்றனர். பழைய போர்களைக் காயமின்றி நடித்துக் காட்டுவதும் உண்டு. இதனைச் சரித்திர மறுநடிப்பு எனலாம்.

இவ்வாசை நேற்றுத் தோன்றியதன்று. 1839-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் ஸ்காட்லாந்து தேசத்து எக்ளிண்டன் பிரபு, பழங்கால வீரர்களின் குதிரைப் போட்டியொன்றைப் பெரும் பொருட்செலவில் நடத்தினார். ஏறக்குறைய ஒரு லட்சம் பேர் கூடினர் என்பர். வீரர்கள் இரும்புக் கவசம் பூண்டு புறப்பட்ட நேரத்தில் வானம் பொத்துக்கொண்டது போல மழை கொட்டிற்று. கவசத்தின்மேற் குடை பிடித்த காட்சியைக் கண்டு நாடே சிரித்தது. பிரபுவின் செல்வத்தால் நடந்த அவ்விளையாட்டு, பிற்காலத்தில் சாமானிய மக்களின் கைக்கு வந்தது. 1966-ஆம் ஆண்டு மே மாதம் முதல் நாளன்று அமெரிக்காவில் கலிபோர்னியா மாகாணத்துப் பெர்க்கிலி நகரில், ஒரு வீட்டின் கொல்லைப்புறத்திற் சிலர் கூடி இத்தகைய விழாவொன்றை நடத்தினர். அதிலிருந்து வளர்ந்ததே ‘சொசைட்டி ஃபார் கிரியேட்டிவ் அனாக்ரனிசம்’ என்னும் கழகம். பதினேழாம் நூற்றாண்டுக்கு முற்பட்ட வாழ்க்கையே அவர்கள் பயிலும் பொருள். 1972-இல் தொடங்கி, பென்சில்வேனியா மாகாணத்தில் கோடைக்காலத்தில் அவர்கள் நடத்தும் பென்சிக் என்னும் பாசறைக்குப் பதினாயிரம் பேருக்குமேல் வந்து கூடுவதுண்டு. இங்கிலாந்திலும் 1968-இல் ‘சீல்டு நாட்’ என்னும் சங்கம் தோன்றி, 1642 முதல் 1651 வரை அந்நாட்டில் நிகழ்ந்த உள்நாட்டுப் போரின் நிகழ்ச்சிகளை நடித்து வருகின்றது.

இதற்கும் நாற்காலிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். கூடாரம் பழைய மாதிரி. உடை பழைய மாதிரி. அடுப்பும் மட்பாண்டமும் பழைய மாதிரி. அவற்றின் நடுவே பளபளக்கும் அலுமினியக் குழாயில் நைலான் துணி கட்டிய மடக்கு நாற்காலியொன்றை விரித்துப் போட்டால், பாயசத்தில் கல் அகப்பட்டது போலாகும். ஆதலின் இவர்கள் தமக்கு வேண்டும் இருக்கைகளைத் தாமே மரத்தாற் செய்துகொள்ள முற்பட்டனர். பாசறை இருக்கைக்கு வேண்டும் இலக்கணங்கள் சில உண்டு. மோட்டார் வண்டியிற் பிற மூட்டைகளோடு ஒடுங்க வேண்டும். மேடுபள்ளமான புல்தரையில் ஆடாது நிற்க வேண்டும். மழையில் ஊறிய மண்ணில் அமிழாதிருக்க வேண்டும். பிரித்த உறுப்புகள் புல்லிற் சிந்திக் காணாமற் போகக்கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஓய்வு நேரத்தில் உளி பிடிப்பவர் ஓரிரு நாளிற் செய்து முடிக்கத்தக்கதாய் இருக்க வேண்டும்.

இனி எமது கதைக்கு வருவோம். யாம் 2018-ஆம் ஆண்டு வேனிற்காலத்தில், அமெரிக்காவில் வாழும் எம் மகளின் இல்லத்திற் சில மாதம் தங்கியிருந்தோம். அண்டை வீட்டார் மேற்கூறிய கழகத்தின் உள்ளூர்க் கிளையைச் சேர்ந்தவர். வாரக் கடைசியில் நடக்கும் சிறு பாசறைக்கு எம்மையும் அழைத்தார். உள்ளே வருபவர் அனைவரும் பழங்கால உடை அணிய முயல வேண்டும் என்பது அவர்கள் விதி. யாது செய்வதென்று எம் மகள் கவலையுற்றாள். யாம் எட்டு முழ வேஷ்டியும் அங்கவஸ்திரமும் தரித்துச் சென்றோம். வாயிலில் நின்றவர் மேலுங்கீழும் நோக்கி, தையலே இல்லாத உடை என்று மகிழ்ந்து, மறுபேச்சின்றி வழிவிட்டார்.

அங்கே ஒரு மரத்தடியில், பள்ளிக்கூட உபாத்தியாயினி ஒருவர் பலகையொன்றைக் குறுக்குக் கட்டைகளின்மேற் கிடத்தி வேலை செய்துகொண்டிருந்தார். ஐம்பது வயதிருக்கும். சுற்றிலும் நாலைந்து இளைஞர்கள் கற்றுக்கொள்ளும் ஆவலோடு நின்றனர். எம் அண்டை வீட்டார் எம்மை அறிமுகஞ் செய்ததும் அவ்வம்மையார், “ஐயா, உங்கள் முன்னோர் என்ன தொழில் செய்தனர்?” என்று வினவினார். அவ்விடத்தில் எல்லோரும் எல்லோரையும் அவ்வாறு கேட்பது வழக்கம் போலும். எமக்கோ பெருமிதம் பொங்கிற்று. “யாம் தலைமுறை தலைமுறையாகத் தச்சர், எம் பாட்டனார் செய்த தேர்ச் சக்கரம் இன்றும் எம்மூரில் ஓடுகின்றது” என்று விடையிறுத்தோம். அவர் முகம் மலர்ந்தது. கொட்டாப்புளியையும் உளியையும் எம் கையில் மரியாதையோடு கொடுத்து, “அப்படியானால் இத்துளையை நீங்களே வெட்டித் தாருங்கள், நாங்கள் பார்த்துக் கற்கின்றோம்” என்றார்.

சபையோரே! முப்பத்திரண்டு ஆண்டுகள் யாம் பிடித்தது பேனா. வீட்டிற் பாட்டனாரின் தொழிற்பெட்டி இருக்கின்றது. ஆண்டுக்கு ஒருமுறை ஆயுத பூஜையன்று அதனைத் துடைத்து, சந்தனமும் குங்குமமும் இட்டு, பொரிகடலை படைத்து வணங்குவோம். பூட்டைத் திறந்ததில்லை. அவ்விடத்தில் அதைச் சொல்ல நா எழவில்லை. உளியைக் கோட்டின்மேல் வைத்து ஓங்கி அடித்தோம். பலகையின் முகம் ஒரு சாண் நீளத்துக்குச் சிறாயாகப் பெயர்ந்து வந்தது. இளைஞர்கள் வேறு பக்கம் பார்த்தனர். அம்மையார் சிறிதும் முகம் கோணாமல், உளியை எம் கையிலேயே விட்டு, அதனைத் திருப்பிப் பிடிக்கச் செய்து, “முதலிற் கோட்டுக்கு உள்ளே வெட்டுங்கள்; கோட்டுக்குக் கடைசியில் வரலாம். பாதி ஆழம் சென்றதும் பலகையைப் புரட்டி மறுபுறமிருந்து வெட்டுங்கள், அப்பொழுது மரம் கிழியாது” என்று கற்பித்தார். யாம் கற்றுக்கொண்டோம். தச்சன் பேரனுக்கு உளி பிடிக்கக் கற்பித்தவர், தச்சு இன்னதென்று நாற்பது வயது வரையில் அறியாத ஒரு பள்ளி உபாத்தியாயினி.

அவர் செய்துகொண்டிருந்தது இவ்விருபலகை நாற்காலியே. அதன் அமைப்பை இளைஞர்கள் மனத்திற் கொள்ளுமாறு சொல்லுவோம். அந்நாட்டு மரக்கடைகளில் இரண்டுக்குப் பன்னிரண்டு என்று ஒரு பலகை விற்கின்றது. பெயர் அவ்வாறாயினும், இழைத்தபின் அதன் கனம் 1½ அங்குலம். அகலம் 11¼ அங்குலம். ஆறடி நீளமுள்ள ஒரு பலகையை நடுவில் அறுத்தால் 36 அங்குல நீளத்தில் இரண்டு துண்டுகள் கிடைக்கும். ஒன்று முதுகுப் பலகை. மற்றொன்று ஆசனப் பலகை.

ஆசனப் பலகையின் முன்பகுதி 16 அங்குலத்தை முழு அகலத்தோடு விட்டுவிட வேண்டும். எஞ்சிய 20 அங்குலத்தை இருபுறமும் அறுத்து நீக்கி, நடுவில் ஏறக்குறைய 4¾ அங்குல அகலமுள்ள நாக்காக ஆக்க வேண்டும். முதுகுப் பலகையில் அடியிலிருந்து 11 அங்குல உயரத்தில், 5 அங்குல அகலமும் 1¾ அங்குல உயரமும் உள்ள ஒரு துளை வெட்ட வேண்டும். துளையின் இருபுறமும் மூன்று அங்குலத்துக்குச் சற்று மிகையாக மரம் நிற்கும். அதனைக் குறைத்தல் ஆகாது. நாக்கைத் துளையில் முன்புறமிருந்து நுழைத்தால், ஆசனப் பலகையின் தோள்கள் முதுகுப் பலகையில் முட்டி நிற்கும். முதுகுப் பலகையின் அடி முன்னே தரையில் ஊன்றும். நாக்கின் நுனி பின்னே தரையில் ஊன்றும். பக்கவாட்டில் நின்று நோக்கினால் இருபலகைகளும் பெருக்கற்குறி போலக் காணும்.

இதன் நுட்பம் யாதெனில், அமர்பவர் பாரமே பூட்டாக அமைவது. பாரம் ஆசனத்தை அழுத்துந்தோறும் தோள்கள் முதுகுப் பலகையை மேலும் இறுகப் பற்றுகின்றன. எழுந்தால் பிடி தளர்கின்றது. கையால் இழுத்தால் கழன்று விடுகின்றது. இரு பலகைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் மூன்றங்குலக் கனமே. பைன் மரமாயின் எடை ஏழெட்டுக் கிலோவுக்கு மிகாது. தரையில் ஊன்றுவது பலகையின் அகலமான விளிம்பாதலால் ஈர மண்ணில் எளிதில் அமிழாது. அமர்பவர் நன்றாகப் பின்சாய்ந்து வானத்தை நோக்கி இருப்பராதலின் இதனை விண்மீன் நோக்கி என்று வேடிக்கையாக அழைப்பதும் உண்டு. துளையை நாக்கைவிடச் சிறிது பெரிதாக வெட்டச் சொன்னதற்கும் காரணம் உண்டு. மரம் ஈரத்தில் உப்பும் இயல்பினது. இறுகப் பொருத்திய நாக்கு, ஓர் இரவு மழைக்குப்பின் துளையை விட்டு வராது; பாசறை கலைந்து எல்லோரும் புறப்பட்ட பின்னும் நாற்காலிக்காரர் மட்டும் கொட்டாப்புளியோடு நிற்க நேரும்.

இன்னும் ஒன்று. நாக்கு தோளோடு சேருமிடத்தில் உள்ள மூலையைக் கூர்மையாக விடலாகாது. அவ்விடத்தில் முதலில் ஒரு வட்டத் துளை போட்டுவிட்டு, வாளை அத்துளை வரையில் ஓட்ட வேண்டும். மூலை உருண்டையாக அமைந்தால் விரிசல் தொடங்க இடமிராது. வேலை முடிந்தபின் ஆளிவிதை எண்ணெய் பூசுவர். அவ்வெண்ணெய் தோய்ந்த கந்தையைச் சுருட்டி மூலையில் எறிதல் பேராபத்து. அது தானே சூடேறித் தீப்பற்றக் கூடியது. விரித்துக் காற்றில் உலர்த்திய பின்னரே எறிய வேண்டும்.

இருபலகை நாற்காலிதான் பாசறையின் ஒரே இருக்கை என்று எண்ண வேண்டா. முக்காலியும் அங்கே பெரிதும் விரும்பப்படுகின்றது. நாலு கால் உள்ளது சமதரையில் மட்டுமே செவ்வையாக நிற்கும். முக்காலியின் மூன்று நுனிகளோ எத்தகைய மேடுபள்ளத்திலும் ஒருங்கே தரையைத் தொடும். அதன் கால்களின் தலையை உருட்டி, பலகையின் துளையில் ஏற்றி, மேலிருந்து ஆப்பு அறைவர். அவ்வாப்பு பலகையின் நாரோட்டத்துக்குக் குறுக்காக அமைய வேண்டும். நாரோட்டத்தோடு அறைந்தால் பலகை பிளந்துபோம். நன்கு உலர்ந்த காலைச் சற்று ஈரமுள்ள பலகையில் ஏற்றினால், நாளடைவிற் பலகை சுருங்கிக் காலை இறுகப் பற்றிக்கொள்ளும். இவை நம் முன்னோர் அறியாதவை அல்ல. இவற்றை இன்று நம்மில் எத்தனை பேர் அறிவோம் என்பதே கேள்வி.

பாசறையார் நடுவில் ஓயாது நிகழும் ஒரு வழக்கையும் சொல்ல வேண்டும். இவ்விருபலகை நாற்காலியைப் பலரும் வைக்கிங் நாற்காலி என்று அழைக்கின்றனர். வைக்கிங் என்போர் ஆயிரம் ஆண்டுகட்கு முன் வடகடலில் மரக்கலம் செலுத்திய மாலுமிகள். ஆனால் அவர்கள் இத்தகைய நாற்காலியைச் செய்தனர் என்பதற்குச் சான்று அகப்படவில்லை. ஆப்பிரிக்காவின் நடுப்பகுதியிலும் கீழ்ப்பகுதியிலும் இரு பலகைகளை இவ்வாறே கோத்துச் செய்யும் இருக்கைகள் வழங்குகின்றன. மேனாட்டார் ஆப்பிரிக்கத் தச்சனின் அறிவுக்குத் தம் மாலுமியின் பெயரைச் சூட்டிவிட்டனர். பாசறையிலேயே இதனை அறிந்தவர் பலர். “கண்ணுக்கு உறுத்தாதாயிற் போதும்” என்பார் ஒரு சாரார். “சான்று உள்ளதையே செய்ய வேண்டும்” என்பார் மற்றொரு சாரார்.

சான்று உள்ள இருக்கைகள் யாவை எனின், நார்வே தேசத்தில் ஓஸ்பெர்க் என்னுமிடத்தில் 1904-இல் ஒரு மண்மேட்டை அகழ்ந்தபோது, 834-ஆம் ஆண்டளவில் இரு பெண்களோடு புதைத்த முழு மரக்கலம் ஒன்று வெளிப்பட்டது. அதனுள்ளே பெட்டிபோன்ற வடிவில் ஒரு நாற்காலி இருந்தது. கழற்றிப் பூட்டத்தக்க கட்டில்களும் கூடாரச் சட்டங்களும் இருந்தன. மெய்யான வைக்கிங் மக்களும் பாசறை வாழ்வுக்கென்று பிரித்து எடுத்துச் செல்லும் மரச்சாமான் செய்துகொண்டனர் என்பது இதனால் தெளிவு. டென்மார்க்கில் குல்தோய் என்னும் மேட்டில் 1891-இல் எடுத்த மடக்கு இருக்கை, கிறிஸ்துவுக்கு முன் பதினான்காம் நூற்றாண்டினது. 1922-இல் திறந்த எகிப்திய அரசன் துட்டன்காமுனின் கல்லறையிலும் மடக்கு இருக்கைகளும், மூன்றாக மடியும் கட்டிலொன்றும் கிடைத்தன. ஆகவே மடக்கும் இருக்கை நவீன காலத்தின் கண்டுபிடிப்பு அன்று. போருக்குச் செல்லும் தலைவனுக்கு முதுகில் தூக்கிச் செல்லத்தக்க இருக்கை வேண்டியிருந்தது. தச்சன் அதனைச் செய்து கொடுத்தான்.

வேறு இரு நாற்காலிகளின் பெயரையும் நோக்குவோம். இத்தாலியில் குறுக்குக் கம்புகள் பல சேர்ந்து மடங்கும் நாற்காலியொன்றுக்கு சவனரோலா என்று பெயர். அது 1498-இற் கொல்லப்பட்ட ஒரு துறவியின் பெயர். நாற்காலிக்கு அப்பெயர் வந்தது மிகப் பிற்காலத்தில். இங்கிலாந்தில் முளைகளாற் பூட்டி முழுதும் பிரித்தெடுக்கக்கூடிய நாற்காலியொன்றுக்கு கிளாஸ்டன்பரி என்று பெயர். அது அவ்வூர் மடத்தோடு தொடர்புடையது; அம்மடத்தின் கடைசித் தலைவர் 1539-இல் தூக்கிலிடப்பட்டார். மடம் அழிந்தது, நாற்காலியைப் பாசறையார் இன்றும் செய்து உட்காருகின்றனர். பெயர் யாதாயினும் பொருத்துச் செவ்வையானால் நாற்காலி நிற்கின்றது. பொருத்துப் பிழையானால் எந்த மகாத்மாவின் பெயரைச் சூட்டினும் விழுகின்றது.

இவ்வெண்ணத்தோடு நாடு திரும்பினோம். பாட்டனாரின் பெட்டியைத் திறக்க எண்ணியபோது திறவுகோலைக் காணோம். பூட்டை உடைத்தே திறந்தோம். உளிகள் ஒன்பதும், இழைப்புளி மூன்றும், வாய்ச்சி ஒன்றும் துருவேறிக் கிடந்தன. அன்று எமக்கு மற்றொரு பெட்டியின் நினைவு வந்தது. சுவீடன் தேசத்துக் காட்லாந்துத் தீவில் மாஸ்டர்மிர் என்னும் சதுப்பு நிலத்தை 1936-இல் ஓர் உழவர் உழுதபோது, ஏர்முனையில் ஓர் ஓக் மரப் பெட்டி தட்டுப்பட்டது. பெட்டியைச் சுற்றி ஒரு சங்கிலி. அதனோடு கிடைத்த பொருள்கள் ஏறக்குறைய இருநூறு: வாள், கோடரி, வாய்ச்சி, துரப்பணம், சுத்தியல், பற்றுக்குறடு. தச்சும் கொல்லும் இரண்டும் அறிந்த ஒருவனின் ஆயுதங்கள் அவை. ஆயிரம் ஆண்டுகள் நீரிற் கிடந்தும், இன்று அவற்றைப் பார்த்து அளவெடுத்து அவைபோற் செய்து வேலை செய்கின்றனர் பாசறைத் தச்சர்கள். அவன் பெயர் யாருக்கும் தெரியாது. அவன் கருவிகளை அந்நியர் கைகள் உயிர்ப்பித்தன. எம் பாட்டனார் பெயர் எமக்குத் தெரியும். ஆண்டுதோறும் திவசமும் செய்கின்றோம். அவர் உளிகளோ எம் வீட்டுக்குள்ளேயே சதுப்பில் ஆழ்ந்து கிடந்தன.

உளிகளைத் தீட்டி, மாமரப் பலகையொன்று வாங்கி, பத்து நாள் பாடுபட்டு ஒரு நாற்காலி செய்தோம். செய்து முடித்ததும் பழைய செருக்குத் தலைகாட்டிற்று. குலவித்தை கல்லாமலே பாதி வரும் என்று பழமொழி சொல்லவில்லையா? எம் மைத்துனரை அழைத்து அமரச் செய்தோம். அவர் சற்றுக் கனத்த சரீரம் உடையவர். அமர்ந்த மாத்திரத்தில் படீரென்று ஓசை எழுந்தது. நாக்கு தோளோடு முறிந்து அவர் தரையிற் கிடந்தார். முழங்கையில் சிராய்ப்பன்றி வேறு தீங்கில்லை என்பது கடவுள் செயல்.

மறுநாள் எம் சிறிய தகப்பனார் வந்தார்கள். எழுபத்தெட்டு வயது, அறுபது ஆண்டு உளி பிடித்த கை. முறிந்த துண்டை எடுத்து வெயிலிற் பிடித்துப் பார்த்து, நாக்கு தொடங்கும் இடத்தில் விரலை வைத்தார்கள். அங்கே ஒரு கணு.

“இதைப் பார்க்கவில்லையா, தம்பி?”

“பார்த்தேன், சித்தப்பா. சிறிய கணுத்தானே என்று விட்டுவிட்டேன்.”

“மரத்துக்கு உன் குலம் தெரியாதப்பா. கணு இருக்குமிடத்தில் நார் வளைந்து ஓடும். பாரமெல்லாம் வந்து விழும் கழுத்தில் அதை வைத்தால், யார் வெட்டினாலும் முறியத்தான் செய்யும்.”

பின்னர் அவர்களே பலகையைத் தட்டிப் பார்த்து வாங்கி, கணுவெல்லாம் முதுகுப் பலகையின் மேற்புறத்துக்குப் போகுமாறு அளவு குறித்துக் கொடுத்தார்கள். யாம் வெட்டினோம். இம்மேடையில் உள்ளது அவ்விரண்டாம் நாற்காலியே. மைத்துனர் முதல் வரிசையில் அமர்ந்திருக்கின்றார்; இதில் அவர் இரண்டு ஆண்டாக அமர்ந்து வருகின்றார் என்பதற்கு அவரே சாட்சி.

பெரியோர்களே! நம் சங்கத்தில் நாம் அடிக்கடி பேசுவது நம் குலத்தின் தொன்மை. தேரும் கோயிற்கதவும் மரக்கலமும் செய்த பெருமை நமக்கு உண்டு, அதனை மறுப்பாரில்லை. ஆயினும் அப்பெருமை அவற்றைச் செய்தவருக்கு உரியது. கருவியைத் தொடாத பேரன் அதனைத் தன்மேல் எழுதிக்கொள்வது, ஆப்பிரிக்கத் தச்சனின் நாற்காலிக்கு வைக்கிங் பெயர் சூட்டுவதை ஒக்கும். யாம் அப்பெயரோடு ஒரு மரத்தடியில் நின்றோம். ஓர் உளி எம்மை அளந்துவிட்டது. தச்சு இரத்தத்தில் ஓடுவதாயின் எமது கையில் அன்று அது ஓடியிருக்க வேண்டும். பிறப்பில் அது வாராதாயின், அவ்வுபாத்தியாயினிக்கு வந்திருக்கவும் கூடாது. இரண்டும் பொய்த்தன. பழகிய கைக்கு வருகின்றது. பழகாத கையை விட்டுப் போகின்றது.

நம்மிற் பலர் பிள்ளைகளை உத்தியோகத்துக்கு அனுப்பியது குற்றமன்று. கூலி குறைந்த தொழிலில் வயிறு காய்ந்தவர்களின் முடிவு அது; அதனைப் பழிக்க எமக்கு வாயில்லை. எம் தந்தையார் எம்மை உளியின் பக்கம் விடாதது அன்பினாலேயே. ஆனால் மேனாட்டில் வயிற்றுக்காக அன்றி மனத்துக்காக வாரக் கடைசியில் ஒரு நாற்காலி செய்வோர் ஆயிரக்கணக்கில் உளர். அவர்கள் தாம் கற்றதைக் கேட்பாருக்கெல்லாம் கூலியின்றிக் கற்பிக்கின்றனர். அம்மையார் எம்மைப் பார்த்து, நீர் எவர் மகன் என்று கேட்ட பின்னர்க் கற்பிக்கவில்லை. எம் பிறப்பைக் கேட்டது எம்மிடம் கற்பதற்கு. எமக்குத் தெரியாதென்று கண்டபின் கற்பித்தார்.

ஆதலின் ஒரு சிறு விண்ணப்பம். மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை மாலையில் சங்கத்துக் கட்டடத்தின் பின்தாழ்வாரத்தை எமக்கு விட வேண்டும். சிறிய தகப்பனார் வந்து கற்பிக்க இசைந்துள்ளார்கள். முதற் பாடம் இவ்விருபலகை நாற்காலி. இரண்டாம் பாடம் முக்காலி. நம் பிள்ளைகள் வரட்டும். பெண் மக்களும் வரட்டும். நம் தெருவைச் சேராத பிள்ளை ஒருவன் வாயிலில் நின்று எட்டிப் பார்த்தால், அவனையும் உள்ளே அழைப்போம். நம் வித்தை வெளியே போய்விடும் என்று அஞ்சும் பெரியோர்க்கு யாம் பணிவோடு கூறுவது இதுவே: அது வெளியே போனதால் இவ்வுலகில் உயிரோடு இருக்கின்றது, நம் பெட்டிக்குள் இருந்ததால் துருப்பிடித்தது.

எம் பாட்டனாரின் தொழிற்பெட்டியை இன்று கொண்டு வந்திருக்கின்றோம். அதனைச் சங்கத்துக்கு ஒப்புவிக்கின்றோம். பூட்டு இல்லை, உடைத்த பூட்டுக்குப் பதில் வேறு போடவும் இல்லை. வருகின்ற ஆயுத பூஜையன்று அதற்குச் சந்தனம் இட வேண்டுமாயின், அன்றைய தினமாவது உளிகளில் மரத்தூள் ஒட்டியிருக்கட்டும் என்பதே எமது ஆசை.

கூட்டம் முடிந்தபின் இந்நாற்காலியில் அமர்ந்து பார்க்க விரும்புவோர் அமரலாம். கணு பார்த்தாகிவிட்டது.